எண்பது லட்சம் தையல் துளைகள்

(ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுக்கு ஓர் இயற்பியலாளரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும், அவர் நோபல் பரிசு பெற்றவராக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று இந்த அறக்கட்டளை ஆவணத்தில் ஒரு வரி இருப்பதாகத் துறைத்தலைவர் தொலைபேசியில் சொன்னார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். இன்று நான் பேசப்போகிறவர் நோபல் பரிசு பெறவில்லை. பெற்றிருக்கவும் முடியாது. அந்தப் பரிசை முதன்முதலாக வழங்கியது 1901-இல். இவர் 1897-இலேயே, 25 வயதில், இறந்துவிட்டார். ஆனால் அவர் போன பயணத்தின் செலவில் பாதியை ஆல்ஃபிரெட் நோபல் தன் கையிலிருந்து கொடுத்தார். ஆக, நோபலின் பணம் இவருக்கும் கிடைத்தது. கிடைத்த விதம்தான் வேறு.

பெயர் நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க். சுவீடன்காரர். ஸ்ட்ரிண்ட்பெர்க் என்றதும் நாடகம் படிப்பவர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். நாடகாசிரியர் அகஸ்ட் ஸ்ட்ரிண்ட்பெர்க்கும் நில்ஸின் தந்தையும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்க நினைத்தேன். ப்ரொஜெக்டர் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. பரவாயில்லை, வாயாலேயே காட்டுகிறேன். படம் முழுக்கச் சாம்பல் வெளுப்பு; தரை எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. படச்சுருள் ஈரத்தில் கிடந்ததால் எங்கும் புள்ளிகளும் கறைகளும். நடுவே ஒரு பெரிய கறுத்த உருவம் பனியில் சாய்ந்து கிடக்கிறது. அது பலூன். பக்கத்தில் இரண்டு ஆட்கள். விழுந்த யானையைப் பாகர்கள் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நாள் 14 ஜூலை 1897. இடம் வட அட்சரேகை 82 டிகிரி 56 நிமிடம். அதாவது வடக்கே உறைந்த கடல், காலுக்குக் கீழே தரையே கிடையாது. பலூனில் போனவர்கள் மூன்று பேர். படத்தில் இல்லாத மூன்றாமவர்தான் நம்முடைய ஸ்ட்ரிண்ட்பெர்க். கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார். அந்தப் படம் கழுவப்பட்டது 1930-இல்.

அவர் 1872 செப்டம்பர் 4-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் பிறந்தார். வசதியான வணிகக் குடும்பம். வீட்டில் இசையும் கவிதையும் புழங்கின. பையன் வயலின் வாசிப்பான். இயற்பியல் படித்தார். புகைப்படக் கலையில் பித்து. அந்தக் காலத்தில் புகைப்படம் எடுப்பவனுக்கு வேதியியலும் ஒளியியலும் கைவர வேண்டும். இன்றுபோல் விரலால் தொட்டால் போதாது. ஸ்டாக்ஹோம் உயர்கல்விக் கழகத்தில் ஸ்வாந்தே அர்ஹீனியஸிடம் உதவியாளராக இருந்தார். ஆம், பள்ளிப் பாடத்தில் அமிலத்துக்கும் காரத்துக்கும் இலக்கணம் சொன்ன அதே அர்ஹீனியஸ்.

அந்த நாட்களில் அர்ஹீனியஸின் மேசையில் என்ன இருந்தது தெரியுமா? காற்றில் கரியமில வாயு கூடினாலோ குறைந்தாலோ பூமியின் வெப்பநிலை எவ்வளவு மாறும் என்ற கணக்கு. காகிதத்தில், கையால் போட்ட கணக்கு. அது 1896-இல் வெளியானது. அர்ஹீனியஸின் நண்பர் வட்டத்தில் இன்னொரு நில்ஸ் உண்டு. நில்ஸ் எக்ஹோல்ம், வானிலை அறிஞர். இன்றைய பேச்சில் எனக்கு இரண்டு நில்ஸ்களும் வேண்டும். பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு நில்ஸ்களையும் பலூனில் ஏற்ற வந்தவர் சாலமோன் அகஸ்ட் ஆந்த்ரே. சுவீடன் காப்புரிமை அலுவலகத்தில் பொறியாளர். வட துருவத்துக்குக் கப்பலில் போனவர்கள் பனியில் சிக்கினார்கள், சறுக்குவண்டி இழுத்துப் போனவர்கள் பாதியில் திரும்பினார்கள். எதற்கு இந்தப் பாடு, மேலாகவே பறந்துவிடலாமே என்பது அவர் யோசனை. 1895-இல் சுவீடன் அறிவியல் அகாதெமியில் திட்டத்தை வைத்தார். நோபல் பணம் கொடுத்தார், மன்னர் இரண்டாம் ஆஸ்கார் கொடுத்தார். பாரிஸில் லாஷாம்பர் என்ற பலூன் தயாரிப்பாளரிடம் பட்டுத்துணியில் பலூன் தைக்கக் கொடுத்தார்கள். விட்டம் 20 மீட்டருக்குச் சற்று மேல். ‘கழுகு’ என்று பின்னால் பெயர் வைத்தார்கள். பயணத்துக்கு மூன்று பேர்: ஆந்த்ரே, எக்ஹோல்ம், ஸ்ட்ரிண்ட்பெர்க். தலைவர் பொறியாளர், மற்ற இருவரும் அறிவியலாளர்கள். ஸ்ட்ரிண்ட்பெர்க் பாரிஸுக்கே போய்ப் பலூன் ஓட்டக் கற்றுக்கொண்டு, பறந்தும் பார்த்தார். மேலிருந்து நிலப்படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு கேமராவையும் வடிவமைத்தார்.

இங்கே கொஞ்சம் இயற்பியல் பேச அனுமதியுங்கள். அறக்கட்டளைச் சொற்பொழிவில் கரும்பலகை கேட்பது மரபில்லை, விரல்விட்டே எண்ணிவிடலாம். சுழி டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.29 கிலோ. அதே அளவு ஹைட்ரஜன் 0.09 கிலோ. வித்தியாசம் 1.2 கிலோ. ‘கழுகு’ கிட்டத்தட்ட 4,800 கன மீட்டர். பெருக்கினால் ஐந்தே முக்கால் டன் தூக்கும். அதில் பலூனின் எடை, வலை, கூடை, ஆட்கள், உணவு, படகு, சறுக்குவண்டிகள், மணல் மூட்டை எல்லாம் அடங்க வேண்டும். ஒவ்வொரு கன மீட்டர் ஹைட்ரஜன் கசியும்போதும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தூக்குவிசை போகிறது. மூலக்கூறுகளிலேயே மிகச் சிறியது ஹைட்ரஜன். அது கசியாத துணி கிடையாது. துணிக்கு வார்னிஷ் பூசலாம். ஆனால் பலூன் என்பது துண்டு துண்டாக வெட்டித் தைத்த பொருள். தையல் என்றால் ஊசித் துளை. அந்தப் பலூனில் சுமார் எண்பது லட்சம் ஊசித் துளைகள் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். துளைகளின் மேல் பட்டுப் பட்டைகளை ஒட்டினார்கள், வார்னிஷ் பூசினார்கள். பிறகும் கசிந்தது.

இன்னொன்று, திசை. காற்றோடு மிதக்கும் பலூனைத் திருப்ப முடியாது. காவிரியில் பரிசல் நீரோட்டத்தின் வேகத்திலேயே போகும்போது துடுப்பைச் சும்மா நீரில் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? நீருக்கும் துடுப்புக்கும் இடையே வேக வித்தியாசம் வேண்டும். பலூனின் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாக இருந்தால் பாய் கட்டினாலும் அது தொங்கும், புடைக்காது. ஆந்த்ரேயின் தந்திரம் இழுவைக் கயிறுகள். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளக் கயிறுகள் பனியிலும் கடலிலும் உராய்ந்துகொண்டே வரும்; பலூனின் வேகம் காற்றைவிடக் குறையும்; பாய் புடைக்கும்; கொஞ்சமாவது திசை திருப்பலாம். கொள்கை சரி. நடைமுறையில் எவ்வளவு திருப்ப முடியும் என்பதில் பலருக்கு அன்றே சந்தேகம்.

1896 கோடையில் ஸ்வால்பார்டின் டேன்ஸ் தீவில் பலூனுக்குக் கொட்டகை கட்டினார்கள். இரும்பையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து அங்கேயே ஹைட்ரஜன் தயாரித்தார்கள். அர்ஹீனியஸும் கடலாய்வாளராகக் கூடப் போயிருந்தார். தெற்குக் காற்று வீசினால் கிளம்பலாம். கோடை முழுக்க எதிர்க்காற்று. காத்திருந்த நாட்களில் எக்ஹோல்ம் சும்மா இருக்கவில்லை. பலூன் எவ்வளவு கசிகிறது என்று அளந்தார். ஆந்த்ரே முப்பது நாள் மிதக்கும் என்று உலகத்துக்குச் சொல்லியிருந்தார். எக்ஹோல்மின் கணக்கில் அதிகபட்சம் 17 நாள். அளவுகளில் ஏதோ ஒட்டாமலும் இருந்தது. சில நாட்களில் கசிவு குறைவதுபோல் காட்டியது. அது ஏன் என்பது ஊர் திரும்பும் வழியில் தெரிந்தது. ஹைட்ரஜன் ஆலையைக் கவனித்த பொறியாளர் சொல்லித்தான் தெரிந்தது. ஆந்த்ரே யாருக்கும் சொல்லாமல் அவ்வப்போது பலூனில் ஹைட்ரஜனை நிரப்பச் சொல்லியிருக்கிறார்.

நான் பி.எஸ்ஸி. படித்த காலத்தில் எளிய ஊசல் சோதனை செய்வோம். g மதிப்பு 980-க்கு அருகில் வந்தாக வேண்டும். வராவிட்டால்? ரெக்கார்டு நோட்டில் ரீடிங் கொஞ்சம் நகரும். அலைவு நேரத்தில் ஒரு பத்தில் ஒன்று குறையும், நீளத்தில் அரை சென்டிமீட்டர் கூடும். விடை 978.6 என்று அழகாக வரும். ஆய்வக ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். இந்த அரங்கில் உள்ள மூத்தவர்களில் சிலர் சிரிக்கிறீர்கள். உங்கள் நோட்டையும் நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் திருத்திய ரீடிங்கை நம்பி யாரும் பறக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆந்த்ரே செய்தது அதே வேலை.

எக்ஹோல்ம் விலகிக்கொண்டார். பத்திரிகைகளிலும் பொதுமக்களிடமும் அவருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. அது நடந்த காலத்தையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டு துருவப் பயணி நான்சென் 86 டிகிரி 14 நிமிடம் வரை போன சாதனையோடு உயிருடன் ஊர் திரும்பினார். அவருடைய ஃபிராம் கப்பல் பனியிலிருந்து விடுபட்டு, ஆகஸ்ட் 14 அன்று ஆந்த்ரே காத்துக்கிடந்த அதே டேன்ஸ் தீவில் வந்து நின்றது! நான்சென் நார்வேக்காரர். நார்வே அன்று சுவீடன் மன்னரின் கீழ் இருந்தாலும் பிரிந்துபோகத் துடித்துக்கொண்டிருந்தது. பறக்காமல் திரும்பிய ஆந்த்ரேவுக்கு அது எவ்வளவு பெரிய அடியாக இருந்திருக்கும்! ஒரு நாட்டின் மானம் ஒரு பட்டுப்பையில் ஏறிக்கொண்டது. அதன் பிறகு கசிவைப் பற்றிப் பேசுகிறவன் கோழை.

எக்ஹோல்மின் இடத்துக்கு நுட் ஃபிரெங்கெல் என்ற பொறியாளர் வந்தார். நல்ல உடற்கட்டு. ஸ்ட்ரிண்ட்பெர்க் இருந்துகொண்டார். அந்த இலையுதிர்காலத்தில் அன்னா ஷார்லியே என்ற பெண்ணோடு அவருக்கு நிச்சயதார்த்தம் ஆனது. அன்னா பியானோ வாசிப்பார்.

என் மனத்தில் நெடுநாளாக உறுத்தும் கேள்வி இது. எக்ஹோல்மின் கணக்கு ஸ்ட்ரிண்ட்பெர்க்குக்கு எட்டாததா? ஒரே தீவில், ஒரே கோடையில், ஒரே கொட்டகையில் இருந்தவர்கள். அதைச் சரிபார்க்கும் படிப்பு இவருக்கும் இருந்தது. பிறகு ஏன் போனார்? வயது 24. தலைவர் தன்னைவிட 18 வயது மூத்தவர். ஊரே கொண்டாடுகிறது. இவற்றையெல்லாம் சொல்லிச் சமாதானம் ஆகலாம். எனக்கு முழுச் சமாதானம் ஆகவில்லை. இயற்பியலாளராக அவர் தவறிய இடம் இதுதான் என்பது என் தீர்ப்பு.

1897 ஜூலை 11, பிற்பகல். தெற்கிலிருந்து காற்று. கயிற்றை அறுத்துவிட்டார்கள். பலூன் சற்று எழும்பிக் கடலை நோக்கித் தாழ்ந்தது, கூடை தண்ணீரைத் தொட்டது. பதற்றத்தில் 210 கிலோ மணலைக் கொட்டினார்கள். இதற்கிடையில் இன்னொன்று நடந்துவிட்டது. இழுவைக் கயிறுகள் எங்காவது சிக்கினால் கழன்றுவிட வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் திருகு மரை வைத்திருந்தார்கள். கிளம்பும்போதே கயிறுகள் முறுக்கிக்கொண்டு, மரைகள் தாமாகவே கழன்றன. 530 கிலோ கயிறு கரையோரம் கிடந்தது. பாதுகாப்புக்கு வைத்த பூட்டே வீட்டைத் திறந்துவிட்டது. மணலும் கயிறுமாக 740 கிலோ எடை போனதும் பலூன் அறுநூறு, எழுநூறு மீட்டருக்கு ஏறியது. உயரத்தில் அழுத்தம் குறையும், வாயு விரியும், கசிவு கூடும். கயிறு போனதால் திசை திருப்பும் வழியும் போயிற்று. கிளம்பிய சில நிமிடங்களிலேயே அது சாதாரணப் பலூன் ஆகிவிட்டது.

தடையின்றிப் பறந்தது 10 மணி 29 நிமிடம். பிறகு மூடுபனி. பலூனின் மேல் ஈரம் படிந்து உறைந்து எடை ஏறியது. வெயில் மறைந்ததும் வாயு குளிர்ந்து சுருங்கியது. கூடை பனியில் மோதி எழும்பி, மோதி எழும்பி, இன்னும் 41 மணி நேரம். நடுவில் ஒரே இடத்தில் 13 மணி நேரம் சிக்கி நின்றதும் உண்டு. இந்தக் குலுக்கலிலும் ஸ்ட்ரிண்ட்பெர்க் வழியைக் குறித்துக்கொண்டே வந்தார். கொண்டுபோன புறாக்களில் ஒன்று ஒரு நார்வேக் கப்பலின் பாய்மரத்தில் போய் உட்கார்ந்தது; சுட்டு வீழ்த்திப் பார்த்தால் காலில் செய்தி. ஜூலை 13 நண்பகலில், எல்லாம் நலம் என்று எழுதியது. மறுநாள் காலையில் வாயுவைத் திறந்துவிட்டு இறங்கினார்கள். நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலூன் மூன்றாம் நாளே இறங்கியதற்குத் தையல் துளைகள் மட்டும் காரணம் அல்ல. கயிறும் மணலும் உறைபனியும் சேர்ந்துதான். எக்ஹோல்ம் சொன்ன 17 நாளைக்கூட அது தொடவில்லை.

இறங்கிய இடத்தில் ஒரு வாரம் இருந்து ஆயத்தம் செய்தார்கள். பிறகு நடை. ஆளுக்கொரு சறுக்குவண்டி, நூறு கிலோவை எளிதாகத் தாண்டும் சுமை. முதலில் தென்கிழக்கே ஃபிரான்ஸ் யோசஃப் தீவுகளை நோக்கி நடந்தார்கள். காலுக்குக் கீழே பனிப்பாளம் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க இழுத்துவிட்டு அட்சரேகையும் தீர்க்கரேகையும் கணக்கிட்டுப் பார்த்தால், நடந்த தூரத்தைப் பனி பின்னுக்குக் கொண்டுபோயிருக்கும். ஆகஸ்ட் 4-இல் திசையை மாற்றினார்கள். பனியும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. இதை எங்களூர்க் கிழவிகள் கேட்டால் ‘விதி’ என்பார்கள். திசையன் கூட்டல் என்று நான் சொல்லலாம். இழுப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சமையல் பெரும்பாலும் ஸ்ட்ரிண்ட்பெர்க் பொறுப்பு. துருவக் கரடிகளைச் சுட்டுத் தின்றார்கள். கடல்நாயின் இரத்தத்தில் ஓட்ஸ் மாவு கலந்து அடை சுட்டார்கள். பாசியில் சூப் வைத்துப் பார்த்து, அதைப் பெரிய கண்டுபிடிப்பாக ஆந்த்ரே நாட்குறிப்பில் பதிந்தார். அன்னாவுக்குச் சுருக்கெழுத்தில் கடிதங்கள் எழுதினார் ஸ்ட்ரிண்ட்பெர்க். அஞ்சலில் சேர்க்க முடியாத கடிதங்கள். செப்டம்பர் 4, அவருடைய 25-ஆவது பிறந்தநாள். அன்று காலையில் ஆந்த்ரே அவரை எழுப்பி, வீட்டாரும் அன்னாவும் கொடுத்தனுப்பிய கடிதங்களைக் கையில் வைத்தார். அந்த நாளுக்கென்றே எடுத்துவைத்திருந்தவை. அதே நாளில் ஸ்ட்ரிண்ட்பெர்க் வண்டியோடு தண்ணீரில் விழுந்தார். ரொட்டியும் சர்க்கரையும் நனைந்து கூழாயின.

செப்டம்பர் நடுவில் இனி நடந்து பயனில்லை என்று முடிவு செய்து, பனிப்பாளத்தின் மேலேயே ஒரு வீடு கட்டினார்கள். வீட்டுக்கு வரைபடம் போட்டவர் ஸ்ட்ரிண்ட்பெர்க். குடிபோன சில நாட்களில், அக்டோபர் 2 அன்று, பாளம் வீட்டுக்குக் கீழேயே பிளந்தது. அக்டோபர் 5-இல் க்விதோயா தீவில் கரையேறினார்கள். க்விதோயா என்றால் வெள்ளைத் தீவு. பெயருக்கேற்றபடி அது கிட்டத்தட்ட முழுவதும் பனிமூடிய தீவு. அதன்பின் சில நாட்களில் நாட்குறிப்புகள் நின்றுவிடுகின்றன.

முதலில் இறந்தவர் ஸ்ட்ரிண்ட்பெர்க் என்று கொள்ளலாம். ஏனென்றால் பாறை இடுக்கில் வைத்துக் கற்களை அடுக்கி மூடியிருந்தது அவருடைய உடல் ஒன்றைத்தான். மற்ற இருவரையும் புதைக்க ஆளில்லை. என்ன காரணத்தால் இறந்தார்கள் என்பதற்கு உடல்கள் கிடைத்த நாள்முதல் விளக்கங்கள் வந்துகொண்டிருக்கின்றன. வேகாத கரடி இறைச்சியில் இருந்த புழுவால் வந்த நோய் என்று 1952-இல் டென்மார்க் மருத்துவர் எர்ன்ஸ்ட் ட்ரீடே எழுதினார். கூடாரத்துக்குள் அடுப்பு கக்கிய கார்பன் மோனாக்சைடு என்றார்கள். கரடி அடித்தது என்றார்கள். குளிரும் மனத்தளர்ச்சியும் என்றார்கள். எதுவும் முடிவாகவில்லை, எனக்கும் அந்தத் துப்பறியும் வேலையில் ஆர்வம் இல்லை. என்னை அதிகம் வாட்டுவது ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் சிறு நாட்குறிப்பேடு. அதில் அக்டோபர் 17-ஆம் தேதிக்கு நேரே ‘வீடு’ என்ற சொல்லும் காலை 7.05 என்ற நேரமும் இருக்கின்றன. எப்போது எழுதினார், எதை நினைத்து எழுதினார்? ரயில் நேரமாக இருக்கலாம் என்பார்கள் சிலர்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் உலகத்துக்கு எதுவும் தெரியாது. 1930 கோடையில் வழக்கத்துக்கு மாறாகப் பனி விலகியிருந்தது. ஆகஸ்ட் 6 அன்று, நிலவியலாளர் குன்னார் ஹோர்ன் தலைமையில் ‘பிராட்வாக்’ என்ற நார்வேக் கப்பலில் போனவர்கள் வெள்ளைத் தீவில் இறங்கினார்கள். குடிக்கத் தண்ணீர் தேடிய இரண்டு இளைஞர்கள் ஒரு அலுமினிய மூடியைக் கண்டார்கள். பிறகு படகு, எலும்புகள், நாட்குறிப்பு. அடுத்த மாதம் ஒரு பத்திரிகையாளர் குழு போய் மேலும் பலவற்றை மீட்டது. படச்சுருள்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற புகைப்பட ஆசிரியர் அவற்றைக் கழுவினார். 33 வருடம் பனியிலும் ஈரத்திலும் கிடந்த சுருள். 240 படங்களில் 93-ஐ அவர் காப்பாற்றினார். இருட்டறையில் அந்த மனிதரின் கை நடுங்கியிருக்க வேண்டும். கிடக்கும் யானையும் இரண்டு பாகர்களும் அப்போதுதான் வெளியே வந்தார்கள்.

இங்கே ஓர் ஒப்பீடு சொல்லத் தோன்றுகிறது. 1928-இல் இதே ஸ்வால்பார்டிலிருந்து உம்பர்த்தோ நோபிலேயின் ‘இத்தாலியா’ என்ற வான்கப்பல் துருவத்தின் மேல் பறந்து திரும்பும் வழியில் மே 25 அன்று பனியில் மோதியது. கீழ்க்கூடை உடைந்து பத்துப் பேர் பனியில் விழுந்தார்கள். எடை குறைந்த வான்கப்பல் மீதி ஆறு பேரோடு மேலே எழும்பி மறைந்தது. அந்த ஆறு பேரில் ஒருவர் ஆல்டோ பொன்த்ரெமோலி, மிலான் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர், வயது 32. 1926-இல் இத்தாலியில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு நடந்த தேர்வில் முதலிடம் என்ரிகோ ஃபெர்மி, இரண்டாமிடம் என்ரிகோ பெர்சிகோ, மூன்றாமிடம் இவர். புவியின் காந்தப்புலத்தை அளக்கப் போனார். அவருடைய உடலும் கிடைக்கவில்லை, ஒரு தாளும் கிடைக்கவில்லை. மிலான் இயற்பியல் துறைக்கு இன்று அவர் பெயர். ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் பெயரில் அப்படி எந்தத் துறையும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவருடைய குறிப்பேடு கிடைத்தது. அதில் தேதியும் இடமும் குறித்துவைத்திருந்ததால், மூன்று பேர் மூன்று மாதம் பனியோடு நகர்ந்த பாதை முழுவதையும் இன்று நிலப்படத்தில் வரைய முடிகிறது. போகக்கூடாத பயணத்தில் போனவர்தான். போன பிறகு ஒரு ரீடிங்கையும் அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை.

மூவரின் உடல்களையும் சுவீடனுக்குக் கொண்டுவந்தது ‘ஸ்வென்ஸ்க்சுண்ட்’ என்ற போர்க்கப்பல். 1897-இல் அவர்களை டேன்ஸ் தீவில் கொண்டுபோய் விட்டதும் அதே கப்பல்தான். 1930 அக்டோபர் 5 அன்று ஸ்டாக்ஹோமில் ஊரே தெருவில் நின்று வரவேற்றது. வெள்ளைத் தீவில் அவர்கள் கால்வைத்த அதே தேதி.

அன்னாவும் வந்திருந்தார். இடைப்பட்ட காலத்தில் கில்பர்ட் ஹாட்ரி என்ற ஆங்கிலேய ஆசிரியரை மணந்து, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்தக் கணவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. மனைவியின் மனத்தில் இன்னொருவன் இருக்கிறான் என்று அறிந்தே ஒரு வாழ்நாள் உடனிருந்த மனிதரை நான் மதிக்கிறேன். அன்னா 1949-இல் இங்கிலாந்தில் இறந்தார். உடல் கணவரின் ஊரில் இருக்க, இதயத்தை மட்டும் ஒரு வெள்ளிப் பெட்டியில் வைத்து ஸ்டாக்ஹோமில் நில்ஸின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி.

இந்தக் காதல் கதையால்தான் ஸ்ட்ரிண்ட்பெர்க்கை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. குறை வேறொன்று. பறந்து இறந்தவர்கள் மூவருக்கும் நினைவுச்சின்னம், நாவல், திரைப்படம், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. அளந்து பார்த்துவிட்டு, “இது அத்தனை நாள் மிதக்காது” என்று சொல்லி இறங்கிக்கொண்டவர் என்ன ஆனார்? அவர் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1901-இல் கரியமில வாயுவும் பூமியின் வெப்பமும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வளிமண்டலம் பூமிக்குப் பசுமை இல்லம்போல வேலை செய்கிறது என்ற ஒப்புமையைக் காலநிலை அறிவியலுக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். இன்று நாளிதழில் தினமும் படிக்கிற சொல் அது. பின்னாளில் சுவீடனின் வானிலை நிறுவனத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1923-இல் இறந்தார். வெள்ளைத் தீவில் என்ன கிடந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு இந்த மேடையில் யாரையாவது அழைத்து, நில்ஸ் எக்ஹோல்மைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன்.